சுவருக்கு வெளியே நின்று கேட்டவர்கள்

பார்வையிழந்த ஒருவருக்கு ஒன்றரை ஆண்டாகப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். நடுவயதில் பார்வை போனது. வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம். அவரை ஐயா என்று அழைப்பேன். அவர் என்னை அம்மா என்பார், நான் அவருடைய மகள் வயதுக்காரி என்றாலும். சென்ற மாதம் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைக் கேட்க வேண்டும் என்றார். பேய்க்கதை கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு தொடங்கினேன்.

நாவலின் நடுவில் ஒரு இடம் வருகிறது. படைத்த விஞ்ஞானி ஃபிராங்கன்ஸ்டைனே அருவருத்துக் கைவிட்டுப் போன, கோர முகம் கொண்ட அந்த உயிர், காட்டோரம் ஒரு குடிசையை ஒட்டிய சிறு கொட்டிலில் ஒளிந்துகொள்கிறது. பலகை இடுக்கில் கண்ணை வைத்து உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்க்கிறது. குளிர்காலம் முழுவதும் அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மொழியைக் கற்றுக்கொள்கிறது. இரவில் அவர்களுக்காக விறகு வெட்டி வைக்கிறது, வாசலில் கிடக்கும் பனியை அள்ளிப் போடுகிறது. யார் செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் ஒரு நாள், பிள்ளைகள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துக் கதவைத் தட்டுகிறது. வீட்டில் இருப்பவர் பெரியவர் மட்டும். அவருக்குக் கண் தெரியாது.

அந்த வரியை வாசிக்கும்போதுதான் நான் யாருக்கு எதை வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. குரல் தடுமாறியது. “நிறுத்தாதீர்கள் அம்மா” என்றார் ஐயா.

வழிப்போக்கன், சற்று இளைப்பாற இடம் வேண்டும் என்கிறது அந்த உயிர். உன் முகத்தைப் பார்த்து எடைபோட என்னால் முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார் பெரியவர். நாவல் முழுவதிலும் அந்த உயிரிடம் இப்படிப் பேசிய மனிதர் இவர் ஒருவர்தான். அது அவர் கையைப் பற்றிக் கெஞ்சும் நொடியில் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிறார்கள். மகள் மயங்கி விழுகிறாள். மகன் பாய்ந்து வந்து அதை இழுத்துத் தள்ளித் தடியால் அடிக்கிறான். அவனைக் கிழித்துப் போடும் வலிமை அதற்கு உண்டு. ஆனாலும் திருப்பி அடிக்காமல் வெளியேறுகிறது.

1818இல் வெளிவந்த நாவல் இது. எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு 18 வயது. அந்த உயிருக்கு அவர் பெயரே வைக்கவில்லை. ஆனால் பல அத்தியாயங்கள் நீளத்துக்குத் தன் கதையைத் தானே சொல்ல விட்டிருக்கிறார். அதன் பேச்சு அத்தனை அழகாக இருக்கும், ஆங்கிலக் கவி மில்டனைப் படித்தவனின் பேச்சு. 1931இல் வந்த புகழ்பெற்ற திரைப்படம் அந்தப் பேச்சை அடியோடு பிடுங்கிவிட்டு உறுமலை மட்டும் மிச்சம் வைத்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த உறுமலைத்தான். எனக்கு இது ஆறவே இல்லை. முகத்தை எவ்வளவு கோரமாக வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம், வாயையாவது விட்டுவைத்திருக்கலாம்.

அன்றிரவு தூக்கம் வராமல் ‘பியோவுல்ஃப்’ காவியத்தை எடுத்தேன். சுமார் ஆயிரம் ஆண்டு பழைய ஒரே ஒரு கையெழுத்துப் படியில் தப்பிப் பிழைத்த பழைய ஆங்கிலக் காவியம். 1731இல் அந்தப் படியும் தீயில் கருகி, நூலிழையில் மீண்டது. அதில் வரும் கிரெண்டல் என்ற அரக்கனும் ஒட்டுக்கேட்பவன்தான். மன்னனின் மண்டபத்தில் விளக்கொளி, யாழிசை, உலகம் படைக்கப்பட்ட கதையைப் பாணன் பாடுகிறான். வெளியே இருட்டில் இருக்கும் கிரெண்டலால் நாள்தோறும் எழும் அந்தக் களிப்பொலியைத் தாங்க முடியவில்லை. பிறகுதான் அவன் கொல்லத் தொடங்குகிறான், 12 ஆண்டுகள். முதல் இரவிலேயே 30 வீரர்கள். அவனுக்காக நான் வழக்காட வரவில்லை. ஆனால் காவியம் முழுவதும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வருவதில்லை, தோற்கும்போது எழும் ஓலத்தைத் தவிர.

அவனை வீழ்த்த வரும் காவிய நாயகன் பியோவுல்ஃபும் வெளியூர்க்காரன்தானே! கடல் தாண்டி வந்து இறங்குகிறான். கரைக்காவலன் நிறுத்தி, நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறான். அவன் தன் தந்தையின் பெயரைச் சொல்கிறான், வழி திறக்கிறது. கிரெண்டலைப் பற்றிப் பேசும் இடத்தில், அவனுடைய தந்தை யாரென்று மக்களுக்குத் தெரியாது என்று ஒரு வரி வருகிறது. இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன்.

குழந்தைக் கதைகளிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில், ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்பவள் பெற்ற தாய். பிந்தைய பதிப்புகளில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். ஸ்னோ ஒயிட் கதையிலும் அப்படியே. வீட்டுக்குள் பிறந்த கொடுமையை வெளியிலிருந்து வந்தவள் தலையில் ஏற்றிவிட்டார்கள். உலகத்து மாற்றாந்தாய்கள் எல்லாரும் இன்றுவரை அந்தப் பழியைச் சுமக்கிறார்கள்.

அடுத்த மாலை ஐயாவிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “சாதுவன் கதையை மறந்துவிட்டீர்களே” என்றார். தமிழ் படித்தவள் நான். வெட்கமாகப் போயிற்று.

மணிமேகலையில், ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் கதை. கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்த சாதுவன், வணிகரோடு கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்கி, களைத்துப்போய் ஒரு மரத்தடியில் தூங்குகிறான். ஆடையில்லாத, மனிதரைத் தின்னும் நாகர்கள் வந்து சூழ்கிறார்கள். இவன் உடம்பு நமக்கு உணவு என்று சொல்லியபடி எழுப்புகிறார்கள். இதே இடத்தில் வேறு கதையென்றால் வாள் உருவப்பட்டிருக்கும். சாத்தனார் சொல்வது இது: “மற்றவர் பாடை மயக்கறு மரபின் கற்றனன்.” அவர்கள் மொழி அவனுக்குத் தெரியும். அவன் பேசுகிறான். அவர்கள் விலகி நிற்கிறார்கள்.

தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். கள் காய்ச்சும் பானை, முடைநாற்றம், காயும் வெள்ளெலும்பு, இவற்றின் நடுவே தன் பெண்ணோடு வீற்றிருக்கிறான் தலைவன், “எண்கு தன் பிணவோடு இருந்தது போல.” கரடி என்கிறார் சாத்தனார், அருவருப்பை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கரடி விருந்தோம்புகிறது. வந்தவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறது. அவன் மறுத்ததும், இவையின்றி வாழ்வில் வேறு பயன் உண்டா, இருந்தால் காட்டு என்று வாதாடுகிறது. உயிர் உடம்பை விட்டுப் போய் வேறோரிடம் புகுவது எப்படி என்று கேட்கிறது. உடம்பு இங்கே கிடக்க உயிர் பல காவதம் போய்வருவதைக் கனவில் நீயே கண்டிருப்பாயே என்கிறான் சாதுவன்.

முடிவில் தலைவன்தான் மாறுகிறான், சாதுவன் மாறுவதில்லை. அது எனக்கு முழுக்க உவப்பாக இல்லை. ஆனாலும் சாதுவன் முடியாததைக் கேட்கவில்லை. கப்பல் உடைந்து வருபவரைக் கொல்லாதே, மூத்துச் சாகும் விலங்கைத் தவிர வேறெதையும் தின்னக் கொல்லாதே என்கிறான். எங்களால் ஆகக்கூடிய அறம் இது, செய்கிறோம் என்கிறான் தலைவன். அவர்களால் எது முடியும் என்று தெரிந்து சொல்ல, அவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகிய காது வேண்டும்.

நேற்று ஃபிராங்கன்ஸ்டைனின் அடுத்த பகுதியை வாசிக்கப் புத்தகத்தைப் பிரித்தேன். ஐயா கையை உயர்த்தினார்.

“அந்தப் பெரியவர் பிறகு என்ன சொன்னார்? மகன் அடிக்கும்போது தடுத்தாரா?”

பக்கங்களைப் புரட்டினேன். மகன் பேசுகிறான். மறுநாள் வீட்டுக்காரரிடம், தன் தந்தையின் உயிருக்கே ஆபத்து என்று சொல்கிறான். குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறது. பெரியவரின் குரலைத் தேடினேன். நீ யார் என்று திகைத்துக் கேட்டதோடு அவர் பேச்சு முடிந்திருந்தது. கையைப் பற்றியதைப் பற்றியோ, கேட்ட குரலைப் பற்றியோ பிறகு ஒரு வார்த்தையும் இல்லை.

“இல்லை ஐயா. அவர் பேசவே இல்லை.”

அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “கதவைத் தட்டும் இடத்திலிருந்து திரும்ப வாசியுங்கள்” என்றார்.