7 படி, 45 அடி ரேம்ப்

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்தது போன மார்கழியில். இடது கை, இடது கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மதுரையில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அனுப்பும்போது பிசியோதெரபி பெண் "வீட்டுக்குள்ள வீல்சேர் போற மாதிரி செஞ்சிருங்கக்கா" என்றாள், நானும் சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். காரைக்குடி பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டு வாசலில் வண்டி நின்றபோதுதான் உறைத்தது. முகப்புக்கு ஏற 7 படி. தெருக்காரர்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அப்பச்சி கண்ணை மூடிக்கொண்டார், பயத்திலா கூச்சத்திலா என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஐந்து மாதம் படித்து, அளந்து, கட்டி, இடித்து, மறுபடி கட்டிய கதை இது. இந்தப் பக்கத்துப் பழைய வீட்டில் பெரியவர்களை வைத்திருக்கும் யாருக்காவது ஒரு ரேம்ப் (வீல்சேர் ஏறும் சரிவுப் பாதை) இடிக்கிற செலவாவது மிச்சமாகட்டும்.

முதலில் எல்லோரையும் போல நானும் போனில் தேடினேன். வந்ததெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள விஷயம். உருப்படியாகக் கிடைத்தது மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி நெறிமுறைகள். இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், தடி புத்தகம், இரண்டு வாரம் எடுத்தது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களையும் பொதுமக்களுக்குச் சேவை தரும் இடங்களையும்தான் கட்டாயப்படுத்துகிறது, நம் சொந்த வீட்டுக்குள் வந்து யாரும் கேட்கப்போவதில்லை. (பொதுக் கட்டடத்திலும் எத்தனை இடத்தில் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் ரேம்ப் மேல் இரண்டு பூந்தொட்டி நிற்கிறது.) ஆனால் அளவு அளவுதானே. நாற்காலிக்கு அது பொது இடமா நம் வீடா என்று தெரியாது.

அந்தப் புத்தகத்திலிருந்து நான் மனப்பாடம் செய்தது 12க்கு 1 என்ற ஒரே கணக்கு. ஒரு அங்குலம் ஏற 12 அங்குலம் ஓட வேண்டும், அதைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. அகலம் குறைந்தது 1200 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட நாலு அடி. நீளம் அதிகமானால் ஒரே ஓட்டமாகப் போகாமல் நடுவில் மட்டமாக ஒரு இடம் விட வேண்டும். சரி என்று டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தெருவிலிருந்து முகப்புத் தரை 45 அங்குலம். 12ஆல் பெருக்கினால் 540 அங்குலம், 45 அடி. நடுவில் நின்று மூச்சு வாங்கும் இடம் 5 அடி சேர்த்தால் 50. நேராகப் போட்டால் எதிர்வீட்டுத் திண்ணையில் போய் முட்டும். நாம் முன்பு இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால்தான் நகரத்தாரான நம் ஆட்கள் வீட்டை இவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்று சின்ன வயதில் கதை சொல்வார்கள். கடலுக்குப் பயந்து கட்டிய உயரத்தில் வீல்சேர் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

மடித்துப் போட்டால்? வாசலை ஒட்டி வளைத்து இரண்டு ஓட்டமாகக் கொண்டுவரலாம் என்று ஒரு தாளில் வரைந்து பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கள் வீட்டில் நாலு பங்கு, முகப்பு பொது. கோலாலம்பூரிலிருந்து ஒரு அண்ணன், "ஆச்சி, முகப்ப மறைச்சுக் கட்டுனா வீட்டு அழகே போயிருமே" என்றார். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் கல்யாண போட்டோ ஒன்றைப் போட்டார், படி நிறைய ஆட்கள் நிற்கிற போட்டோ. கோபம்தான் வந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எனக்கே அந்த முகப்பில் சிமெண்டு கொட்ட மனசில்லை. மேடை போல ஏறி இறங்கும் சின்ன லிஃப்ட் ஒன்றுக்கும் விசாரித்தேன். வீட்டை வந்துகூடப் பார்க்காமல் ஒரு கம்பெனி விலை அனுப்பியது. விலையையும் இங்கே கரண்டு போகிற லட்சணத்தையும் சேர்த்து யோசித்து அதை விட்டுவிட்டேன்.

ஆக, கொல்லைப்பக்கம். இங்கே தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளில் தலைவாசலில் நின்றால் கொல்லை வாசல் வரை நேராகத் தெரியும், வளவு (நடுமுற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, மூன்றாவதாகச் சமையல் கட்டு எல்லாம் ஒரே கோட்டில். பின்தெரு மேடு. மூன்றாம் கட்டுத் தரைக்கும் கொல்லை மண்ணுக்கும் 18 அங்குலம்தான் வித்தியாசம். 18 அடி போதும், கிணற்றை ஒட்டித் தாராளமாக இடம் இருக்கிறது.

இதை அப்பச்சியிடம் சொன்னேன். "என் வீட்டுக்கு நான் கொல்லைப்பக்கமா வரணுமா?" என்று கேட்டார், வாய் குழறினாலும் கேள்வி தெளிவாகத்தான் இருந்தது. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆத்தாதான், அதாவது என் அம்மா, "நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த வழியாத்தான் வந்துக்கிட்டுருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொத்தனார் மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு வேலை பார்ப்பவர் குடும்பம். 18 அடி என்றதும் சிரித்தார். "பைக் ஏத்துறதுக்கு ஆறடி போதும் ஆச்சி, எதுக்கு வீணா மணலும் சிமெண்டும்." நானும் ஊருக்குப் போகிற அவசரத்தில் சரி என்றுவிட்டேன், தப்பு முழுக்க என்னுடையது. திரும்பி வந்து பார்த்தால் வழவழவென்று இழைத்து அழகாக ஒரு ரேம்ப், நாலுக்கு ஒன்று சரிவு. அப்பச்சியை ஏற்றுவதற்கு முன் கொத்தனாரையே நாற்காலியில் உட்காரச் சொல்லி, ஒரு கையால் மட்டும் சக்கரத்தைத் தள்ளி ஏறச் சொன்னேன். வண்டி பக்கவாட்டில் திரும்பியது. பின்னால் நின்று நான் தள்ளினேன், பாதியில் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது, அவர் பின்னால் சாய்ந்து "ஆத்தாடி" என்றார். இந்த ஐந்து மாதத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அவரை உட்கார வைத்ததுதான். மறுநாள் அவரே இடித்தார், கூலி கேட்கவில்லை. இரண்டாவது முறை 18 அடி, இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய், ஓரத்தில் சக்கரம் இறங்காமல் இருக்க நாலு அங்குலத் திட்டு, மேலே ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து சொரசொரப்பு.

உள்ளே வந்தால் நிலைப்படி. கொல்லையிலிருந்து முகப்பு வரை ஐந்து நிலை, ஒவ்வொன்றிலும் கீழ்ப்படிக் கட்டை மூன்று அங்குலம் எழும்பி நிற்கும். நெறிமுறையில் வாசல் தடுப்பு 12 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்று இருக்கிறது, படித்தபோது சிரிப்புதான் வந்தது. பர்மாத் தேக்கு நிலையை அறுக்க ஆசாரி ஒப்பவே இல்லை. லட்சுமி இருக்கும் இடம் என்பது ஒரு காரணம், கீழ்க்கட்டையை எடுத்தால் நிலை பிடிமானம் இழக்கும் என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம், அது எனக்குப் புரிந்தது. அதற்குப் பதில் மாடியில் கிடந்த பழைய சட்டத்தை வைத்து, நிலைக்கு இரண்டு பக்கமும் மூன்றடி நீளத்துக்கு ஆப்பு மாதிரி சரிவுப் பலகை செய்து தந்தார். அடியில் ரப்பர் ஷீட் ஒட்டியிருப்பதால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் நகர்வதில்லை. ஒரு ஆணிகூட நிலையில் அடிக்கவில்லை, விசேஷத்தன்று தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

நான் யோசிக்கவே இல்லாத ஆபத்து வளவு. நடுமுற்றம் ஒரு அடி பள்ளம், சுற்றி வரும் தாழ்வாரம் மட்டம், அதனால் சுற்றிப் போய்விடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பது, காலம் காலமாகத் துடைத்துத் துடைத்து இன்னும் பளபளப்பாகிவிட்டது, அதில் சக்கரம் ஓடுவதே தெரியாது. ஒருநாள் பிரேக் போடாமல் விட்ட நாற்காலி, நல்லவேளை வெறும் நாற்காலி, தானாக உருண்டு முற்றத்தில் விழுந்தது. அன்றைக்கே தூணுக்குத் தூண் கட்டை கட்டினோம்.

படுக்க அறை? இரட்டை வீடு என்று நாங்கள் சொல்லும் அறையின் கதவு 24 அங்குலம், நாற்காலி 26. சுவரை உடைக்கலாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆத்தா, "ஐயா என்னைக்கு ரூமுல படுத்தாக, பட்டாசாலையிலதான" என்றார். உண்மைதான், அறைகள் சாமான் வைக்கத்தான், பழைய ஆம்பிளைகள் வாழ்ந்தது முழுக்க வெளியே, பட்டாசாலை என்ற திறந்த கூடத்தில். கட்டிலைப் பட்டாசாலையில் போட்டோம், முடிந்தது.

கழிப்பறையில்தான் பணம் அதிகம் போனது. கட்டுவதற்கு முன் சென்னை போயிருந்தபோது மெரினா எதிரே காமராஜர் சாலையில் இருக்கும் மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டிஸைப் பார்த்துவிட்டு வந்தேன். உதவிக் கருவிகளை எல்லாம் தொட்டுப் பார்க்கலாம். கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் இருந்தால் கை தானாகப் போகிறது என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், படத்தில் தெரியாது. கொல்லையில் புதிதாகக் கட்டினோம்: நாற்காலி திரும்ப உள்ளே 5 அடிக்கு 5 அடி வெற்றிடம், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, நாற்காலி இருக்கையின் உயரத்துக்கே கோப்பை. இத்தனை பார்த்தும் ஒன்று கோட்டை விட்டேன். குழாய் வசதிக்காக பிளம்பர் கோப்பையை இடது சுவரை ஒட்டி வைத்துவிட்டார், கம்பியும் இடது சுவரில். அப்பச்சிக்கு வேலை செய்வது வலது கை. சுவர்க் கம்பியால் பிரயோஜனம் இல்லாமல், வலது பக்கம் தரையில் கால் ஊன்றி மடங்கும் கம்பி ஒன்று தனியாக வாங்கிப் போட்டோம். எந்தப் பக்கம் பலம் என்பதைத் தாளில் பெரிதாக எழுதி வேலையாட்கள் கையில் கொடுங்கள்.

இப்போது காலையில் அப்பச்சி கொல்லைப்பக்கம் வெயிலில் இருந்துவிட்டு, ரேம்ப் ஏறி, ஐந்து நிலையும் தாண்டி முகப்புக்கு வந்து பேப்பர் படிக்கிறார். தெருவில் போகிறவர்கள் கீழே நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். முன்படி இறங்க இன்னும் நாலு பேர் வேண்டும், அதற்கு வழி கிடைக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ரேம்ப் மேல் தகரக் கூரை போட வேண்டும். கொத்தனார் திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.