பிரிவு 41-இல் தூக்கு கிடையாது: இராணுவச் சட்டம் அரியர் முடித்த கதை

நேற்று ரிசல்ட் வந்தது. இராணுவச் சட்டம் பேப்பரில் 61. போன தடவை இதிலேதான் 6 மார்க்கில் போச்சு, ஒரே ஒரு பிராப்ளம் கேள்வியால். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் கீழே பாதிக்கு மேல் அந்தக் கேள்விதான் இருக்கும்.

எல்லையில் சண்டை நடக்கிறது. கம்பெனி கமாண்டர் நேரில் வந்து ஒரு சிப்பாயிடம் "முன்னேறு" என்கிறார். அவன் நின்ற இடத்திலேயே நின்று "போக மாட்டேன் சார்" என்கிறான். என்ன குற்றம், என்ன தண்டனை? போர்க்களம், மறுப்பு, அப்புறம் என்ன யோசனை? பிரிவு 34-ஐப் போட்டு, மரண தண்டனை என்று மூன்று பக்கம் விளாசினேன். சைபர்.

எங்கள் மாமா ஓய்வுபெற்ற ஹவில்தார். கேள்வியைச் சொன்னதும் சிரித்தார். "ஏன்டா மாப்ள, அவன் பயந்து ஓடுனானா? நாலு பேரச் சேத்துக்கிட்டு மறுத்தானா? மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுதானே சொன்னான்?" ஒரு செமஸ்டர் கிளாஸில் ஏறாதது அங்கே ஏறியது.

1950 இராணுவச் சட்டத்தை அவர் கேட்ட வரிசையிலேயே படியுங்கள்:

எதிரி முன் கோழைத்தனம்: 34, மரணம் வரை.
கூட்டாகக் கலகம்: 37, மரணம் வரை.
ஓடிப்போவது: 38. ஆக்டிவ் சர்வீஸில் (அதாவது களப்பணியில்) மரணம் வரை, மற்றபடி 7 ஆண்டு வரை.
தனி ஆள் கீழ்ப்படியாமை: 41. அதிகபட்சம் 14 ஆண்டு.

41-க்குள்ளும் ஒரு பொறி. உட்பிரிவு 1, மேலதிகாரி நேரடியாகத் தந்த உத்தரவை வேண்டுமென்றே எதிர்த்து மீறுவது. இதற்குப் போரோ அமைதியோ, 14 ஆண்டு வரை. உட்பிரிவு 2, சாதாரணக் கீழ்ப்படியாமை. ஆக்டிவ் சர்வீஸில் 14, இல்லாவிட்டால் 5. அதாவது "போர்க்காலம்" என்ற சொல் தண்டனையை மாற்றுவது இரண்டாவதில் மட்டும்தான். நம் சிப்பாய் 41(1). அவ்வளவுதான் பதில்!

ஆக்டிவ் சர்வீஸ் என்றால் போர் அறிவித்திருக்க வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். பிரிவு 9-இன்படி மத்திய அரசு அறிவிக்கை போட்டாலே போதும்.

கேஸ் ஒன்றே ஒன்று படிக்க நேரமிருந்தால் ரஞ்சித் தாக்கூர், 1987. இந்த இராணுவ வீரர் சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்தார் என்று 41(2)-இல் குற்றச்சாட்டு. சம்மரி கோர்ட் மார்ஷல் (சுருக்க விசாரணை இராணுவ நீதிமன்றம்) ஓராண்டு கடுங்காவல் கொடுத்தது. விசாரிப்பவர் மேல் ஆட்சேபணை உண்டா என்று பிரிவு 130-இன்படி கேட்கவில்லை, பாரபட்சம், குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சோறு தின்னாததற்கு ஜெயில் என்பதால் எனக்கு மறக்கவே இல்லை.

மற்றவை:
கைடு வேண்டாம். பேர் ஆக்டை (விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகம்) வாங்கி "வரை" என்று வரும் இடமெல்லாம் வட்டம் போடுங்கள்.
சம்மரி ஜெனரல் கோர்ட் மார்ஷலில் மரண தண்டனைக்கு எல்லா உறுப்பினரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஜெனரல் கோர்ட் மார்ஷலில் மூன்றில் இரண்டு பங்கு. (பிரிவு 132)
குரூப் ஸ்டடி எனக்கு ஒத்து வரவில்லை. ராத்திரி தனியாக எழுதிப் பார்த்தேன்.

மாமாவுக்கு போன் போட்டு மார்க்கைச் சொன்னேன். "சரிடா, அந்தப் பய கடைசியில முன்னால போனானா இல்லையா?" என்றார். கேள்வித்தாளில் அது இல்லை மாமா என்றேன்.