மாடியில் நாலடி மீன் தொட்டி

கும்பகோணத்தில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வைக்கப்போகிறேன் என்றதும் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர், "தளம் தாங்குமா தம்பி?" என்றார். நியாயமான கேள்விதான்.

9 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 255 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி 50 கிலோவைத் தாண்டும். மணல், கல், இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 400 கிலோ என்று வைத்துக்கொண்டேன். வீட்டுத் தளத்துக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் எவ்வளவு பாரத்துக்குக் கட்டப்பட வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தரவிதி) சொல்லும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 19 கிலோ. தொட்டி நிற்கும் இடத்திலோ சதுர அடிக்கு 65 கிலோவுக்கு மேல். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 19 கிலோ அறை முழுக்கப் பரப்பிய கணக்கு. எங்கள் 10க்கு 12 ஹாலுக்கு மொத்தம் 2,200 கிலோவுக்கு மேல் வருகிறது. ஆக, எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி.

மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் மாடிக்கு ஏறவே இல்லை, நேரே கீழ்வீட்டுக்குள் போய் மேலே பார்த்தார். நான் நினைத்திருந்த சமையலறைச் சுவருக்குக் கீழே சுவரும் இல்லை, பீமும் இல்லை. தளத்தின் மேலேயே எழுப்பிய நாலரை அங்குலத் தடுப்பு அது. "தெருப்பக்கம் வையுங்க, கீழே பீமும் ஒன்பது அங்குலச் சுவரும் இருக்கு." ஓரத்தில் வைத்தால் பாரம் பீமுக்கு இறங்கிவிடும், நடுவில் வைத்தால்தான் தளம் வளையும். பால்கனி வேண்டவே வேண்டாம் என்றார்.

அப்புறம் ஸ்டாண்ட் கால்கள். ஒவ்வொரு காலிலும் 100 கிலோ. டைல்ஸைத் தட்டிப் பார்த்ததில் ஓரிடத்தில் பொள்ளலாகச் சத்தம் வந்தது, அங்கே கால் வந்தால் டைல்ஸ் உடையும். ஸ்டாண்டின் முழு நீளத்துக்கும் கடப்பா கல் போட்டோம்.

பாதி நிரப்பியதுமே தண்ணீர் விளிம்பு வாசல் பக்கம் சாய்ந்து தெரிந்தது. கழுவிவிட வசதியாகத் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள் அல்லவா, அதுதான். காலி செய்து, ஸ்டாண்டுக்கு அடியில் பிளைவுட் துண்டு கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிசெய்தோம். கண்ணாடிக்கு அடியில் தெர்மாகோல் மட்டும்தான்.

அக்ரஹாரத்துப் பழைய மச்சு வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மரக்கட்டை மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளம் அது. சுவருக்குள் இருக்கும் கட்டை நுனியைக் கரையான் அரித்திருந்தால் வெளியே தெரியாது. இன்ஜினீயர் பார்க்காமல் வைக்காதீர்கள்.

இப்போது தொட்டி நிரம்பியிருக்கிறது, கீழ்வீட்டு சீலிங்கில் விரிசல் எதுவும் இல்லை. மீன் இன்னும் விடவில்லை, ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.