பரவைக்கடலுக்கு எந்தக் கூலிங் கிளாஸ்?

காலை ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் சூரியன் பக்கம் திரும்பி நின்றால் தண்ணீர் தெரியாது. தகரக் கூரையில் வெயில் பட்டது போல வெள்ளைப் பளபளப்பு ஒன்றுதான் தெரியும். அதே இடத்தில் ஒழுங்கான பொலரைஸ்ட் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் அந்த வெள்ளை கழன்றுவிடும். கீழே மணல் திட்டு, அதன் ஓரத்தில் கரும்பச்சையாய்ச் சாதாளை என்கிற கடற்புல், இரண்டுக்கும் நடுவில் சருகு போல அசைந்து திரும்புகிற ஓரா மீன். முழங்காலளவும் இடுப்பளவும் தண்ணீர் நிற்கிற எங்கள் பரவைக்கடலில் தூண்டில் போடுகிறவருக்கும் வீச்சுவலை எறிகிறவருக்கும் இது வடிவுக்குப் போடுகிற சாமான் இல்லை. ஆனால் கடைக்குப் போனால் கனபேர் கேட்பது, "நல்ல கறுப்பாய் ஒண்டு காட்டுங்கோ" என்றுதான். முதல் பிழை அங்கேதான்.

வெயில் வெளிச்சம் எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வரும். தட்டையான தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்போது அதில் பெரும்பங்கு கிடையாக அதிர்கிற வெளிச்சமாகிவிடும். பௌதிகவியலில் இதற்கு முனைவாக்கம் என்று பெயர். பொலரைஸ்ட் லென்ஸுக்குள் இருக்கிற மெல்லிய தாள் நிலைக்குத்தாக அதிர்வதை மட்டும் விட்டு, கிடையாக அதிர்வதை மறிக்கும். அதனால் மேற்பளபளப்பு நிற்கும், மீனில் பட்டுத் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேரும். சாதாரண கறுப்புக் கண்ணாடிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பளபளப்பையும் மீனையும் சேர்த்தே மங்கவைக்கும். கறுப்புக் கூடக்கூட மீனும் மறையும்.

எவ்வளவு விலை கொடுத்தாலும் லென்ஸ் எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. பார்வை தண்ணீர் மட்டத்தோடு 37 பாகை அளவில் சாயும்போதுதான் பளபளப்பு முழுதாக வெட்டுப்படும். நிலைக்குத்திலிருந்து அளந்தால் 53 பாகை. புரூஸ்டர் கோணம் என்பது இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கரையில் நிற்கிறவரின் கண் தண்ணீரிலிருந்து 1.6 மீற்றர் உயரத்தில் இருந்தால், மிகத் தெளிவாகத் தெரிகிற இடம் காலடியிலிருந்து ஏறத்தாழ 2 மீற்றரில் வரும். பாலத்தில் ஏறி நின்று கண் 4 மீற்றருக்குப் போனால் அந்த இடம் 5 மீற்றருக்குத் தள்ளிப் போகும். கரையில் நின்றபடி 10 மீற்றருக்கு அப்பால் பார்த்தால் பார்வை தண்ணீரை உரசிக்கொண்டு போகிறது. அந்தக் கோணத்தில் தெறிக்கிற வெளிச்சத்தில் நிலைக்குத்துப் பங்கும் கனக்க இருப்பதால் லென்ஸால் அதை மறிக்க முடியாது. ஆகவே விலையைக் கூட்டுவதற்கு முதல் உயரத்தைக் கூட்டுங்கள். வள்ளத்தில் குந்தியிருந்து தேடுவதைவிட அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், எழும்பி நின்று தேடுவது எவ்வளவோ மேல். தலையைத் தோள் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கிற பழக்கமும் உதவும். வானத்து வெளிச்சமே ஓரளவு முனைவாகி வருவதாலும் அலை தண்ணீரைச் சரித்துவிடுவதாலும் சரியான கோணம் ஐந்து பத்துப் பாகை விலகி நிற்கும். சாய்க்கும்போது மீன் திடீரெனத் துலங்குகிற ஒரு இடம் வரும்.

நேரமும் இதே கணக்குத்தான். சூரியன் 37 பாகை உயரத்தில் நிற்பது பங்குனி, புரட்டாதிக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் காலை எட்டரை ஒன்பதுக்கும் பின்னேரம் மூன்றரை நாலுக்கும். சூரியனை எதிர்கொண்டு பார்க்க வேண்டிவந்தால் கண்ணாடி ஆகக் கூடுதலாகக் கைகொடுக்கிற நேரம் அதுதான். விடியலில் சூரியன் கடலோடு கிடக்கும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு பாருங்கள். சோளகக் காற்று அடித்துத் தண்ணீர் சுருள்கிற நாளிலும், மாரி வெள்ளம் இறங்கித் தண்ணீர் கலங்கின நாளிலும் கண்ணாடி பளபளப்பைக் குறைத்துக் கண்ணுக்குச் சுகம் தருமே தவிர மீனைக் காட்டாது. கலங்கலை ஊடுருவுகிற லென்ஸ் ஒருவரிடமும் இல்லை.

இனி நிறம். பரவைக்கடலுக்கு ஒரேயொரு கண்ணாடிதான் வாங்கலாம் என்றால் செம்பு அல்லது மண்ணிறம். தண்ணீருக்குள் சிதறி எல்லாவற்றையும் மங்கலாக்குவது பெரும்பாலும் நீல வெளிச்சம். செம்பு நிறம் அந்த நீலத்தைக் குறைப்பதால் மணலுக்கும் சாதாளைக்கும் மீனுக்கும் இடையில் வேறுபாடு தூக்கலாகத் தெரியும். ஓராவின் உடம்பு சாதாளை நிறத்திலேயே புள்ளி புள்ளியாக இருக்கும், நேரே பார்த்தால் பிடிபடாது. மணலில் விழுகிற அதன் நிழல்தான் முதலில் கண்ணில் படும். செம்பு லென்ஸில் அந்த நிழல் மை தொட்டது போல நிற்கும். மணலுக்குள் பதுங்கிக் கிடக்கிற திருக்கையின் விளிம்பும் அப்படித்தான். தண்ணீரில் இறங்கி நடக்கிறவர்களுக்கு இது மீன் பிடிப்பதைவிட முக்கியம்.

பருத்தித்துறை, மயிலிட்டிப் பக்கத்தால் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குச் சாம்பல் நிறம் பொருந்தும். அங்கே அடி தெரியப்போவதில்லை, நாள் முழுக்க நீலப் பரப்பைப் பார்த்துக் கண் களைக்காமல் இருந்தால் போதும். சாம்பல் எல்லா நிறத்தையும் ஒரே அளவாகக் குறைக்கும், நிறம் மாறித் தெரியாது. மேலே நீல மிரர் பூச்சு இருந்தால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் குறையும். ஆனால் மிரர் பூச்சுத்தான் உப்பில் முதலில் கீறுப்படுவது. அதைக் கழுவப் பொறுமை இல்லாதவர் மிரர் இல்லாததையே வாங்கலாம். மஞ்சள் லென்ஸ் விடியலுக்கும் மப்பு நாளுக்கும் மட்டும். பத்து மணிக்குப் பிறகு கண் கூசும்.

கறுப்பின் அளவுக்கு இலக்கம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ 12312-1 என்கிற சர்வதேசத் தரத்தில் 0 முதல் 4 வரை ஐந்து வகை. வகை 2 என்றால் வெளிச்சத்தில் 18 முதல் 43 வீதம் உள்ளே விடும், வகை 3 என்றால் 8 முதல் 18 வீதம், வகை 4 என்றால் 3 முதல் 8 வீதம். கண்ணாடிக் காலின் உள்பக்கம் இந்த இலக்கத்தை அடித்திருப்பார்கள். எங்கள் வெயிலுக்கு வகை 3 போதும், அதிலும் 12 வீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அடியைத் தேட வசதி. வகை 4 வாகனம் ஓட்டக் கூடாத வகை. கடலுக்குப் போட்டுக்கொண்டு போனவர் வரும்போது மோட்டார் சைக்கிளிலும் அதையேதான் போடுவார், அதனால் வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். கடைக்காரர் ஒரு அட்டையை நீட்டி, "கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ, மறைஞ்ச படம் தெரியும்" என்பார். அது லென்ஸில் பொலரைஸ்ட் தாள் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும், தாள் நல்லதா, நேராக ஒட்டியிருக்கிறதா என்பதைச் சொல்லாது. உங்கள் போனை எடுத்து, வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வையுங்கள். கண்ணாடியை அதற்கு முன்னால் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். அரை வட்டம் சுற்றுவதற்குள் ஒரு இடத்தில் திரை நன்றாக இருண்டு போக வேண்டும். வெறுமனே மங்கினால் தாள் பலமில்லாததாக இருக்கலாம்; சில போன் திரைகள் நல்ல கண்ணாடியிலும் இருளாது, ஆகவே வேறு போனிலும் ஒருக்கால் பாருங்கள். அடுத்ததைத்தான் ஒருவரும் செய்வதில்லை: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடி, திரை ஆக இருளும்வரை போனைச் சுற்றுங்கள். தலையையும் போனையும் அசைக்காமல் மற்றக் கண்ணால் பாருங்கள். அங்கேயும் அதே இருட்டு இருக்க வேண்டும். ஒன்று இருண்டு மற்றது வெளிச்சமாகத் தெரிந்தால் இரண்டு லென்ஸிலும் தாள் வெவ்வேறு சரிவில் ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டு மணித்தியாலம் கடலைப் பார்த்த பிறகு வருகிற தலையிடிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு கண்ணாடியைக் கைநீளத்தில் பிடித்து, கதவு நிலையின் நேர்விளிம்பை லென்ஸுக்குள்ளால் பார்த்தபடி மேலும் கீழும் அசைக்க வேண்டும். விளிம்பு பாம்பு போல நெளிந்தால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பொலரைஸ்ட் வேறு, புறஊதாத் தடுப்பு வேறு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். யூ.வி. 400 என்றால் 400 நனோமீற்றர் வரைக்குமான கதிரை மறிக்கும் என்று பொருள். இருண்ட லென்ஸில் இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் கண்மணி விரிந்து கதிரைக் கூடுதலாக உள்ளே விடும் அபாயம் உண்டு. கடலோடிகளின் கண்ணில் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்வதில் புறஊதாக் கதிருக்குப் பங்கிருக்கிறது. கடைகளில் காசுத்தாள் சோதிக்கிற ஊதா விளக்கு இருக்கும். தாளில் ஒளிர்கிற குறிக்கும் விளக்குக்கும் நடுவில் லென்ஸை வையுங்கள். குறி அணைந்தால் நல்லது. பளிச்சென்று தொடர்ந்து ஒளிர்ந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம்.

லென்ஸ் எதனால் ஆனது என்பது அது எத்தனை வருடம் நிற்கும் என்பதைச் சொல்லும். மலிவானவற்றில் பெரும்பாலும் இருப்பது டி.ஏ.சி. என்கிற பல அடுக்குப் பிளாஸ்ரிக் தாள். பார்வைக்குக் குறையில்லை, பாரமும் இல்லை. ஆனால் உப்புத்தண்ணியும் சூடும் அடுக்கின் வெட்டு விளிம்பால் உள்ளே போகும். முதலில் ஓரத்தில் நகநுனி அளவு வெள்ளை வளையம், பிறகு கொப்புளம், பிறகு அடுக்கு பிரிந்துவிடும். பிரேம் இல்லாத, அல்லது அரைப் பிரேம் போட்ட லென்ஸில் இது கெதியாக நடக்கும், விளிம்பு திறந்து கிடப்பதுதான் காரணம். டி.ஏ.சி. வாங்குவதானால் முழுப் பிரேம் பாருங்கள். வாகனத்தின் முன் தட்டிலும் மோட்டார் சைக்கிள் இருக்கைப் பெட்டியிலும் வெயிலில் விட்டுவைத்தால் எந்தப் பொலரைஸ்ட் தாளும் கெடும்.

தூண்டில் எறிகிறவர்களுக்குப் பொலிகாபனேட் என்கிற வலுவான பிளாஸ்ரிக் லென்ஸ் நல்லது. அடியில் சிக்கின முள்ளை இழுக்கும்போது அது திடீரெனக் கழன்று ஈயக்குண்டோடு முகத்துக்கு வரும். அந்த அடியைத் தாங்க வேண்டும். அசல் கண்ணாடி லென்ஸில் பார்வை மிகத் தெளிவு, கீறலும் குறைவு. ஆனால் பாரம், அடிபட்டால் உடையும். பெரிய போட்டில் வலை இழுக்கிறவர் போடட்டும், தூண்டில்காரருக்கு வேண்டாம்.

பிரேமில் கவனிக்க வேண்டியது வெளிச்சம் புகுகிற இடைவெளி. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் யாழ்ப்பாணத்தில் நேர் உச்சியில் நிற்கும். அப்போது புருவத்துக்கும் பிரேமுக்கும் நடுவே விழுகிற வெளிச்சம் லென்ஸின் உட்பக்கத்தில் தெறித்து, உங்கள் கண்ணையே உங்களுக்குக் காட்டும். பக்கவாட்டிலும் அப்படித்தான். காதுப் பக்கம் வளைந்து மூடுகிற பிரேம் நல்லது, ஆனால் கன்னத்தில் முட்டினால் புழுக்கத்தில் ஆவி படியும். சிரித்துப் பார்த்தால் தெரியும், சிரிக்கும்போது கண்ணாடி மேலே ஏறினால் அது இறுக்கம். இதோடு விளிம்புள்ள தொப்பியும் வேண்டும். விளிம்பின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக இருந்தால் தண்ணீரின் வெளிச்சத்தைப் பிடித்து முகத்தில் அடிக்கும். கடும்பச்சையோ கறுப்போ பாருங்கள். உலோகப் பிரேம் வாங்கினால் ஆணி துருப்பிடித்து இறுகும், நைலோன் பிரேம்தான் உப்புக்குத் தாங்கும். அனேகமான கண்ணாடிகள் தண்ணீரில் தாழும். பின்பக்கம் கயிறு கட்டி, அதில் ஒரு சின்ன மிதவையைக் கோத்து, முதலில் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டே கடலுக்குக் கொண்டுபோங்கள்.

பவர் போடுகிறவர்கள் கண்ணாடிக் கடையில் பொலரைஸ்ட் லென்ஸில் பவர் வெட்டித் தரக் கேட்கலாம். பவர் கூடினால் வளைந்த பிரேமில் ஓரப்பார்வை கோணும், ஆகவே கொஞ்சம் தட்டையான பிரேம் எடுங்கள். செலவு கட்டாது என்றால் பவர்க் கண்ணாடிக்கு மேலேயே போடுகிற பெரிய பொலரைஸ்ட் கண்ணாடி இருக்கிறது. பார்வைக்கு வடிவில்லை, வேலை செய்யும்.

சில இடங்களில் கண்ணாடி உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். ஜி.பி.எஸ். திரையும் போனும் ஒரு கோணத்தில் முழுக்க இருண்டுவிடக்கூடும், பழுது என்று நினைக்காமல் கருவியைத் திருப்பிப் பிடியுங்கள். மேல்மட்டத்தில் சூடை மீன் கூட்டம் எழுப்புகிற மினுக்கமும் லென்ஸில் அடங்கிப் போகும், கூட்டம் தேடும்போது இடைக்கிடை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பாருங்கள். வீடு திரும்பும் வழியில் வீதியில் கொட்டின எண்ணெயின் பளபளப்பும் தெரியாது. இன்னொன்று, கண்ணாடி பளபளப்பைத்தான் எடுக்கும், ஒளிமுறிவை எடுக்காது. நேர்கீழே பார்த்தால் நாலடி ஆழம் மூன்றடி போலத்தான் தெரியும், சரிந்து பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். வலை அடியைத் தொட எடுக்கிற நேரத்தையும், இறங்கி நடக்கும்போது காலை வைக்கிற இடத்தையும் இதை வைத்தே கணக்குப் பண்ணுங்கள்.

கடலால் வந்ததும் சாரத் தலைப்பால் துடைப்பவர்கள்தான் லென்ஸைக் கொல்கிறவர்கள். காய்ந்த உப்பு மணல் போலக் கீறும். முதலில் நல்லதண்ணியை ஊற்றி உப்பைக் கரைத்து, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் திரவத்தில் ஒரு சொட்டை விரலால் தடவி, மறுபடி கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடிக் காலின் மூட்டிலும் மூக்குப் பிடியின் அடியிலும் உப்பு தங்கும், அங்கேயும் தண்ணீர் ஓட வேண்டும். கழுவிவிட்டுத் தானாகக் காயட்டும் என்று கொடியில் தொங்கவிடாதீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கனக்க, துளி காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும், பிறகு அதைத் தேய்த்து எடுக்கப் போய்த்தான் பூச்சு போகும்.