பிரிஜ் கதவில் கனடா

சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பம் போட்ட கிழமை, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கனடா வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து பிரிஜ் கதவில் ஒட்டினாள். ஒரு மாகாணத்தின் பெயரும் தலைநகரும் சொல்லாமல் யாரும் பால் எடுக்கக் கூடாது என்று சட்டமும் போட்டாள். அவளுக்கு 9 வயது.

சிட்டிசன்ஷிப் சோதனையில் 20 கேள்விகள், 15 சரியாக வர வேண்டும். வரலாறும் தேர்தல் முறையும் எனக்கு ஓரளவு ஓடின. புவியியல்தான் பிடிபடவில்லை. 10 மாகாணங்கள், 3 பிரதேசங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகர். ஒட்டாவா நாட்டின் தலைநகர், அதுவும் ஒன்ராறியோவுக்குள் இருக்கிறது; அப்படியென்றால் ஒன்ராறியோவுக்கும் அதுதான் தலைநகர் என்றே நினைத்திருந்தேன். மாகாணத்தின் தலைநகர் நான் தினமும் வேலைக்குப் போய் வரும் ரொறன்ரோ. 1857இல் விக்டோரியா மகாராணி ஒட்டாவாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது அமெரிக்க எல்லைக்கு எட்டத்தில் இருந்தது. ஆற்றின் இந்தக் கரையில் ஆங்கிலம் பேசுவோர், அந்தக் கரையில் பிரெஞ்சு பேசும் கியூபெக். இது தெரிந்தபின் அந்த விடை மறக்கவில்லை. அப்புறம் எதைப் படித்தாலும் ‘ஏன்’ என்பதையும் சேர்த்தே படித்தேன்.

அளவைப் பாருங்கள். கனடா கிட்டத்தட்ட 1 கோடி சதுர கிலோமீட்டர், ரஷ்யாவுக்கு அடுத்த பெரிய நாடு. இலங்கை இதற்குள் 150 தடவை அடங்கும். சனத்தொகையோ 2021 கணக்கெடுப்பில் சுமார் 3 கோடியே 70 இலட்சம், இலங்கையின் இரண்டு மடங்குகூட இல்லை. அதிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் இருக்கிறார்கள். பெரிய ஏரிகளும் சென் லோறன்ஸ் ஆறும் ஓடும் இந்தத் தெற்குப் பக்கத்தில் நல்ல நிலமும் நீர்வழியும் இருந்தன. வடக்கே போகப் போகப் பாறையும் பனியும். 1999இல் உருவான நுனாவுட் பிரதேசம் இலங்கையைவிட 30 மடங்கு பெரியது. அங்கே வாழ்பவர்கள் 37 ஆயிரம் பேரளவில்தான், பெரும்பாலும் வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் மக்கள். அதன் தலைநகர் இக்கலுயிட்டுக்கு வெளியிலிருந்து தெரு கிடையாது. விமானத்தில் போக வேண்டும், கோடையில் சாமான் கப்பலில் வரும்.

“அப்ப வருத்தம் வந்தால் என்ன செய்யினம்?” என்று அம்மா கேட்டார். 55 வயதானவர்களுக்குச் சோதனை இல்லை, அம்மாவுக்கு 68. ஆனாலும் எங்கள் வீட்டில் வரைபடத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றது அவர்தான்.

கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து. 1949இல் கடைசியாகச் சேர்ந்த மாகாணம், தலைநகர் சென் ஜோன்ஸ். ரொறன்ரோவைவிட ஒன்றரை மணித்தியாலம் முன்னே ஓடும் நேரம். சோதனைக்கு இவ்வளவு போதும். ஆனால் நான் அம்மாவுக்கு இன்னொன்றையும் சொன்னேன். 1986 ஆகஸ்டில், மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறிய எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர் 155 பேர், அந்தக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிடப்பட்டு, மூடுபனிக்குள் தத்தளித்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவரும் மற்ற மீனவர்களும் அவர்களைக் கண்டு ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

அம்மா பருத்தித்துறைக்காரி. கடல் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வரைபடத்தில் அந்தத் தீவின் தென்கரையை விரலால் மெதுவாகத் தடவினார். “இதிலையோ?” என்றார். “ஓம், இதுக்குக் கிட்ட.”

அன்றிலிருந்து பிரிஜ்ஜைத் திறக்கும்போதெல்லாம் அம்மா சொல்வது நியூஃபவுண்ட்லாந்து, சென் ஜோன்ஸ். “அப்பம்மா, நேற்றும் அதைத்தானே சொன்னீங்கள்!” என்று மகள் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.