இவள் ஏன் இன்றைக்கு உடைய வேண்டும்?

சாலிகிராமத்தில், ஷூட்டிங்குக்கு வாடகை விடும் ஒரு வீடு. காலை ஒன்பதரை மணி. அப்போது ஒரு மெகா தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகி எல்லாவற்றையும் இழந்து, மொட்டை மாடி மழையில் நின்று கதறும் காட்சி அன்றைக்கு. ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதை நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

உதவி இயக்குநர் ஸீன் பேப்பரைப் படித்துக் காட்டினார். பல வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கும் நடிகை முழுவதையும் கேட்டார். பக்கத்தில் மேக்கப் உதவியாளர், கண்ணீர் வரவழைக்கும் கிளிசரினோடு தயாராக நின்றிருந்தார்.

"தம்பி, போன வாரமும் இவளுக்கு இதே பிரச்சனைதான். நேத்தும் இதேதான். அப்பல்லாம் தாங்கிக்கிட்டா. இன்னைக்கு மட்டும் ஏன் உடையறா?"

"இன்னைக்கு ரொம்ப அதிகமாயிடுச்சு மேடம்."

"அதிகமானா மயக்கம்தான் தம்பி வரும்."

யூனிட்டே சிரித்தது. இயக்குநர் அந்தக் காட்சியை நான்கு நாள் தள்ளி வைத்தார்.

எங்கள் பழக்கம் அப்படி. ஒரு எபிசோடுக்கு சுமார் 22 நிமிடம், வியாழக்கிழமையானால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற டி.ஆர்.பி. கணக்கு வந்துவிடும். வேலை போச்சா, புருஷனையும் அனுப்பு. போதவில்லையா, அம்மாவுக்கு மாரடைப்பு. மூட்டை மேல் மூட்டையாக ஏற்றினால் கதாபாத்திரம் தானாக மாறிவிடும் என்று நம்பினோம். ஹாலிவுட் பாடம் படித்த நண்பர் ஒருவர், 110 பக்கத் திரைக்கதையில் எல்லாம் தொலையும் இடம் 75ஆம் பக்கத்தில் வர வேண்டும் என்பார். எங்கே வர வேண்டும் என்பதற்கு அது சரி. எது தொலைய வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

கண்ணகி வழக்குரைத்த காட்சியைப் பாருங்கள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். அந்த நிமிடத்தில் பாண்டியனுக்கு நாடு போகவில்லை, படை போகவில்லை. தான் நீதி தவறாதவன் என்ற நினைப்பு ஒன்றுதான் போனது. உயிர் அதன் பின்னாலேயே போய்விட்டது.

பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் எனக்கு உறைத்தது அப்பாவை நினைத்துக்கொண்டபோது.

2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னை ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் அடையாற்றுத் தண்ணீர் வந்தது. தரைத்தள வீடு. அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று ராத்திரி அவர் கலங்கவே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று பத்திரங்களைப் பரணில் ஏற்றினார். பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். பீரோ, கட்டில், டிவி எல்லாம் போனது. "போனா போகட்டும்டா" என்றார்.

மூன்றாம் நாள், நாங்கள் தங்கியிருந்த மாநகராட்சிப் பள்ளியில் சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். அப்பா வரிசைக்குப் போகவில்லை. "நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல" என்பது அவர் ஆயுசு முழுக்கச் சொன்ன வாக்கியம். கல்லூரிப் பையன் ஒருவன் தானாகவே வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான். பசி. வாங்கிக்கொண்டார். வாங்கியதும் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் ஆறு வந்தபோது நான் பார்க்காத முகம் அது.

ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் எழுந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்ததும், "பாட்டி ஒருத்தங்க இருக்காங்க, நடக்க முடியாது. இன்னொண்ணு குடுங்க தம்பி" என்று கை நீட்டினார்.

அந்த ஞாபகத்தோடுதான் ஸீன் பேப்பரை மறுபடி எடுத்தேன். என் கதாநாயகியின் வாக்கியம் என்ன? நூற்றைம்பது எபிசோடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான்தான் கவனிக்கவில்லை: "நான் இல்லாட்டி இந்த வீடு ஓடாது." சரி, அதில் கை வைப்போம் என்று தோன்றியது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, வீடு என்ன கதியாகியிருக்குமோ என்று பதறிக்கொண்டு வருகிறாள். வீடு நன்றாகவே ஓடுகிறது. மாமியாரின் சர்க்கரை மாத்திரைக் கணக்கு தினசரி காலண்டரில் தங்கையின் கையெழுத்தில் இருக்கிறது. கேஸ் புக் செய்தாகிவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை, எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். அவள் சமையலறைக்குள் போய், செய்ய ஒரு வேலையும் இல்லாமல் நிற்கிறாள். பிறகு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக, "எனக்கும் ஒரு காபி குடும்மா" என்கிறாள். முக்கால் பக்கம்தான்.

"சோகமே இல்லையே ரைட்டர்" என்றார் இயக்குநர். நடிகை பேப்பரைக் கேட்டு வாங்கி இரண்டாம் முறை படித்தார். "எனக்குப் புரியுது, எடுங்க சார்" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். மழைக்காட்சிக்குத் தண்ணி லாரி சொல்லி அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. திருப்பி அனுப்ப புரொடக்‌ஷன் மேனேஜர் சம்மதிக்கவில்லை. அதனால் ஜன்னலுக்கு வெளியே சும்மா மழை கொட்டிக்கொண்டிருக்க, அவள் உள்ளே உட்கார்ந்து காபி குடித்தாள். கிளிசரின் பாட்டிலை யாரும் திறக்கவில்லை. டேக் ஓகே ஆனதும் நடிகை டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"ஆறிப் போச்சு தம்பி. அடுத்த தடவை சூடான காபின்னு பேப்பர்லயே எழுதிடு."