கல்யாணச் சமையல்காரரின் தலைக்காயம்: ஒரு தம்பியின் அனுபவம்

தலையில் அடிபட்டவரை விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆபரேஷன் பண்ணினார்களா?" என்பதுதான். என் அண்ணனுக்கு மண்டையைத் திறக்க வேண்டிய அவசியம் கடைசிவரை ஏற்படவில்லை, கை கால் விழவில்லை, பேச்சும் குழறவில்லை. அதனாலேயே அவருக்குப் பட்டது லேசான அடி என்று உறவினர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். கும்பகோணம் பக்கத்தில் இருபது ஆண்டுகளாகக் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தியவர், மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு நான்கு பேருக்கு ஒரு சாம்பார் வைக்கத் தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றதை அவர்கள் பார்க்கவில்லை. அவருடைய மளிகை லிஸ்ட், கூலி, முன்பணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தம்பி என்ற முறையில், அந்தக் காயம் என்ன செய்தது, அதை நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

2022 ஆவணியில் ஒரு முகூர்த்தச் சமையலை முடித்துவிட்டு, உதவியாளர் ஓட்டிய இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அண்ணன் வந்துகொண்டிருந்தார். நாய் குறுக்கே வந்ததால் வண்டி சறுக்கி, அவர் மல்லாந்து விழுந்து பின்மண்டை தார்ச்சாலையில் மோதியது. ஓட்டியவர் தலைக்கவசம் அணிந்திருந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். பின்னால் உட்கார்ந்திருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு சொல்கிறது என்றாலும், எங்கள் பக்கத்தில் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்பவர்கள் அபூர்வம். விழுந்த சிறிது நேரத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை, சாக்கில் கரண்டியெல்லாம் இருக்கிறதா பார்" என்று கூடச் சொல்லியிருக்கிறார். பிறகு வாந்தி எடுத்தார். அதன்பின் தூக்கக் கலக்கம் போல ஆகிவிட்டார். நல்லவேளையாக, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை, 108-ஐ அழைத்தார்கள்.

தஞ்சாவூரில் அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் அவர் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார், புருவ எலும்பை அழுத்திப் பார்த்தார், பிறகு செவிலியரிடம் சில எண்களைச் சொன்னார். கிளாஸ்கோ நகரத்தில் 1974-இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் அது என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15. எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு. 13-உம் அதற்கு மேலும் லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. அண்ணன் வந்தபோது 12-இல் இருந்தார். இரவுக்குள் 8-க்கு இறங்கி வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். இப்படிப்பட்ட நிலையில் உறவினர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த எண்ணைத்தான் என்பது என் கருத்து. "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் "அப்படியேதான் இருக்கிறார்" என்ற பதில்தான் கிடைக்கும், "காலையில் எவ்வளவு, இப்போது எவ்வளவு?" என்று கேட்டால் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்பது நமக்கே விளங்கிவிடும்.

ஸ்கேன் படத்தைக் காட்டியபோது எனக்கு ஒரு குழப்பம் வந்தது. அடிபட்டது பின்மண்டையில், அங்கே எலும்பில் மெல்லிய விரிசல் ஒன்று இருந்தது. ஆனால் ரத்தம் கட்டியிருந்த வெள்ளைத் திட்டுகள் நெற்றிக்குப் பின்னால், இரு பக்கமும் இருந்தன. வேறு யாருடைய படமோ என்று கூட நினைத்தேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூளை, சட்டியில் உறைந்த தயிர் போல மென்மையானது. தலை சாலையில் மோதிச் சட்டென்று நின்றுவிட, உள்ளே இருக்கும் மூளை நிற்காமல் அசைந்து எதிர்ப்பக்கத்தில் மோதிக்கொள்கிறது. மண்டையோட்டின் பின்பகுதி உள்ளே வழவழப்பாக இருக்க, கண்குழிகளுக்கு மேலே உள்ள முன்தளம் மேடும் பள்ளமுமாகக் கரடுமுரடாக இருக்கும். பின்னால் விழுகிறவர்களுக்கு முன்மூளையின் அடிப்பகுதியும் பொட்டுப்பகுதி மூளையின் முனையும் கன்றிப்போவதற்கு அதுவே காரணம்.

அந்தக் கன்றல் அடுத்த நாள் ஸ்கேனில் பெரிதாகியிருந்தது. மூளைக்காயம் அடிபட்ட நொடியோடு முடிந்துவிடுவதில்லை. கசிவும் வீக்கமும் அதற்குப் பிறகுதான் ஏறுகின்றன. மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி என்பதால், வீக்கம் ஏற ஏற உள்ளழுத்தம் கூடி, நல்ல பகுதிகளுக்குப் போகும் ரத்த ஓட்டமும் தடைப்படுகிறது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தார்கள், மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிட்டால் மருந்தை ஏற்றினார்கள், உடலில் சோடியம் குறைகிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வலிப்பு வராமலிருக்க முதல் ஒரு வாரம் மருந்து கொடுத்தார்கள். தேவைப்பட்டால் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வீக்கத்துக்கு இடம் கொடுப்போம் என்று சொல்லி முன்கூட்டியே கையெழுத்தும் வாங்கினார்கள். உயிரைக் காப்பாற்ற அது உதவும், பிறகு எப்படி இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் என்ன என்று மருந்துக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாயிரம் தலைக்காய நோயாளிகளை வைத்து நடத்தப்பட்டு 2004-இல் வெளிவந்த 'கிராஷ்' ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு கூடியது தெரியவந்ததால் அதைக் கைவிட்டுவிட்டோம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அவர் அடங்கினார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அப்போதைய உச்சவரம்பான ஒரு லட்சம் ரூபாய்க்குள், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைத்தது. முதல் நாள் இரவில் பணத்துக்கு அலையாமல் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்க முடிந்தது அதனால்தான்.

வென்டிலேட்டர் குழாயை எடுத்த பிறகு அண்ணன் விழித்தார்; ஆனால் விழிப்பது வேறு, தெளிவது வேறு. மூக்கில் போட்டிருந்த உணவுக்குழாயைப் பிடுங்கிப் போட்டார். வாழ்நாளில் கெட்ட வார்த்தை பேசாதவர் செவிலியர்களைப் பார்த்துப் பேசிய பேச்சைக் கேட்டு அண்ணி வார்டை விட்டே வெளியே போய்விட்டார். காலையில் நான் வந்துபோனது மதியம் அவருக்கு நினைவிருக்காது. ஒருநாள் மாலை, பக்கத்து வார்டில் முந்நூறு இலைக்குப் பால் பாயசம் இறக்கிவிட்டு இப்போதுதான் வந்து படுத்தேன் என்று மிகத் தெளிவாகச் சொன்னார். எத்தனை படி அரிசி, எத்தனை லிட்டர் பால் என்ற கணக்கு கூடச் சரியாக இருந்தது. பொய் சொல்கிறார் என்றோ சித்தம் கலங்கிவிட்டது என்றோ எண்ணக் கூடாது, நினைவில் விழுந்த ஓட்டையை மூளை கையில் கிடைத்ததை வைத்து அடைக்கிறது என்று மருத்துவர் சொன்னார். இந்தக் குழப்ப நிலை எத்தனை நாள் நீடிக்கிறது என்பதை அவர்கள் குறித்துக்கொண்டே வந்தார்கள்; காயத்தின் ஆழத்தை மதிப்பிடுவதற்கு அதுவும் ஒரு அளவாம். அவருக்கு அது சில வாரங்கள் நீடித்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியில், சுயநினைவுடன் இருக்கிறார், தானாக நடக்கிறார், வாய்வழியாகச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தது. எல்லாம் உண்மைதான். வீட்டுக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருந்தார். குளிக்கச் சொன்னால் குளிப்பார். சொல்லாவிட்டால் மூன்று நாளானாலும் தோன்றாது. இது சோம்பல், மனச்சோர்வு, உடம்பு வளைக்கத் தெரியாத கொழுப்பு என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். பாத்திரம் விழும் சத்தத்துக்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதற்கும் திடீரென்று கோபம் பொங்கும். கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். தான் கத்தியதில் அடுத்தவர்களுக்கு என்ன வருத்தம் என்பது அவருக்குப் புரியாது. ஒரு செயலைத் தொடங்கிவைப்பதும், வாய்க்கு வந்ததை அடக்குவதும் முன்மூளையின் வேலை, அங்கேதான் அடி என்பதை அண்ணியிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அறிவுக்கு அது விளங்கினாலும், திட்டு வாங்குகிற நேரத்தில் யாருக்கும் அது ஆறுதல் தராது.

மோப்பம் போய்விட்டது என்பது தெரியத் தாமதமானதற்குக் காரணம் மிளகாய். தாளிப்பில் மிளகாய் கருகினால் அவரும் எங்களைப் போலவே இருமினார், கண்ணைக் கசக்கினார். ஆகவே மூக்கு நன்றாக இருக்கிறது என்றே நம்பினோம். அடுப்பில் வைத்த பால் அடிப்பிடித்துப் பக்கத்து வீடு வரை நாறியபோது, அதன் அருகிலேயே உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருத்துவர் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு நாசியாகக் காப்பித்தூளையும் கிராம்பையும் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. நெடியை உணர்வது முகத்தின் தொடுவுணர்வுக்கான முக்கிளை நரம்பு. மணத்தை உணர்வது வேறு நரம்பு. அந்த மண நரம்பின் இழைகள் மூக்கின் கூரையில் சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. மூளை அசைந்த வேகத்தில் அவை அறுந்துவிடக் கூடும். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும் என்பதால் சாப்பாடு வெறும் உப்பாகவும் புளிப்பாகவும் மட்டும் இருந்திருக்கிறது. அவர் எதையும் குறை சொல்லாததால் எங்களுக்குத் தெரியவில்லை. தனியா வறுபடும் பதத்தையும் நெய் காய்ந்து முடிந்ததையும் திரும்பிப் பார்க்காமல் மணத்தை வைத்தே சொல்லிவந்த மனிதர் அவர்.

அதைவிடப் பெரிய இழப்பு அந்தச் சாம்பாரில்தான் தெரிந்தது. பருப்பை வேகவைத்தார், புளியைக் கரைத்து ஊற்றினார், பிறகு காய் நறுக்கத் தொடங்கினார். காய் பாதியில் இருக்கும்போது மறுபடியும் புளி கரைத்தார். தப்பு நடக்கிறது என்பது தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். சாம்பாருக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்று விடாமல் சொல்வார். மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெரிய மருத்துவமனையான பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு மைசூரு எக்ஸ்பிரஸில் கூட்டிப்போய் உளநரம்பியல் சோதனை செய்தபோது இது காகிதத்திலும் வந்தது: பழைய நினைவும் சொல்வளமும் அவர் வயதுக்குரிய அளவில் இருந்தன, எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது, வரிசையைத் திட்டமிடுவது ஆகியவற்றில் வெகுவாகக் குறைந்திருந்தன. ஐந்நூறு பேர் பந்திக்குச் சமைப்பது என்பது முழுக்க முழுக்க வரிசைதான்.

அங்கே கொடுத்த ஆலோசனையை எங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒரே பதார்த்தம். படிகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, முடித்ததைச் சாக்பீஸால் அடித்துவிட வேண்டும். முதலில் ரசம் மட்டும், பல வாரங்கள். பிறகு ரசமும் பொரியலும். வறுப்புக்கு மணத்தின் இடத்தில் நிறத்தையும் நிமிடத்தையும் வைத்தோம். மதியம் கட்டாய ஓய்வு, ஏனென்றால் களைப்பு ஏறினால் கோபமும் ஏறும். காலையும் மாலையும் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் மோந்து பார்க்கும் பயிற்சியை விடாமல் செய்தார். அமெரிக்காவில் 1848-இல் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்துப்போய்க் குணமே மாறிவிட்டதாகச் சொல்லப்படும் பினியஸ் கேஜ் என்பவரின் கதையை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அதே மனிதர் பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. தினமும் ஒரே பாதை, ஒரே வேலை. அண்ணனுக்கு அந்தப் பாதி தான் பயன்பட்டது.

காகித வேலைகளில் அலைச்சல் அதிகம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் தலைக்காயம் என்று பெயர் சொல்லி ஒன்று கிடையாது, கை காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறார்?" என்று கேட்டவர்கள் முன்னால் நிம்ஹான்ஸ் அறிக்கைதான் எங்களுக்காகப் பேசியது. இழப்பீட்டு வழக்கிலும் அப்படியே. வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்ததால் பின்னிருக்கைக்காரரான அண்ணன் கோர முடிந்தது. வெறும் மூன்றாம் நபர் காப்பீடாக இருந்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் கோர வழியிருக்காது என்று வழக்கறிஞர் சொன்னார். விபத்துப் பதிவேட்டு நகல், முதல் தகவல் அறிக்கை, எல்லா ஸ்கேன் அறிக்கைகளும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இப்போது அண்ணன் நூறு, நூற்றைம்பது இலை வரையிலான சீமந்தம், கிரகப்பிரவேசம் போன்றவற்றை எடுக்கிறார். வறுப்பும் தாளிப்பும் பழைய உதவியாளரின் பொறுப்பு. உப்பும் புளிப்பும் அண்ணன் நாக்கின் தீர்ப்பு. கிராம்பு மட்டும் எப்போதாவது லேசாகத் தெரிவதாகச் சொல்கிறார்; வருடம் கடந்துவிட்டதால் இனிப் பெரிதாகத் திரும்பாது என்பது மருத்துவர் கருத்து. சமையலறையில் கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறோம். ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் என்று யார் கேட்டு வந்தாலும் முன்பணத்தை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதற்காக என்னிடம் அவர் சண்டை போடுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.